விபத்தில்லாத ரூமுக்குப் பரிசு

ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் வராந்தாவில் பச்சைக் கலர் இரும்பு பீரோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்குக் கண்ணாடி பதித்தது. கைப்பிடியில் யாரோ மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். வேனில் இருந்து இறங்கி, கேட்டில் சோதனை முடிந்து உள்ளே வந்த பெண்கள் ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் பார்த்தேன். சேலைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழைய சட்டை, தலையில் துண்டு, காலில் செருப்பில்லை. வேலைக்கு வந்து நிற்கும் கோலத்தில் என்னை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேலை தொடங்கும் முன் எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னார் மேனேஜர். அவர் வெளியூர்க்காரர். வேலைக்குச் சேர்ந்து ஒரு சீசன்தான் ஆகியிருந்தது. அந்த சீசனில் சரவெடி ரூமில் ஒரு பெண்ணுக்கு முகம் வெந்துபோனது. ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் தன்னுடைய காரிலேயே அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர். அதற்குப் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆபீஸ் பெண்கள் சொன்னார்கள். நல்ல மனுஷன் என்று எங்களுக்குள் பேர் எடுத்திருந்தார். இப்போதும் அந்தப் பேரை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அவர் சொன்னது சுலபமாகப் புரிந்தது. தீபாவளி லோடு முடியும்வரை எந்த ரூமில் ஒரு சின்னத் தீயும் பிடிக்கவில்லையோ, ஒருத்தருக்கும் தீக்காயம் படவில்லையோ, அந்த ரூமில் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் வராந்தாவில் நிற்பதைப் போல ஒரு பீரோ. வராந்தாச் சுவரில் ஒரு போர்டு மாட்டப்போவதாகவும், சம்பள நாள்தோறும் விபத்தில்லாத ரூமுக்கு நேரே பச்சைப் பொட்டு வைக்கப்போவதாகவும் சொன்னார். ஏதாவது நடந்துவிட்டால் சிவப்புப் பொட்டு. சிவப்பு விழுந்த ரூமுக்கு அந்த வருஷம் பரிசு கிடையாது. அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பி அந்தப் பீரோவை இன்னொரு தரம் பார்த்தார்கள்.

எங்கள் ரூமில் மூன்று பேர். புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பது எங்கள் வேலை. கலவை ரூமில் இருந்து காலையில் தட்டுத்தட்டாக மருந்து வரும். அதை அள்ளிக் காகிதக் கூம்புகளில் கெட்டித்து, அடியில் மண் வைத்து அடைத்து அடுக்க வேண்டும். எங்களில் மூத்தவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். மூன்றாவது ஆள், எங்கள் ஊரான எம். புதுப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். ஆனைக்குட்டத்துக்காரி என்பதால் ஆனைக்குட்டத்துப் பொண்ணு என்றுதான் வேனில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். வாய் ஓயாமல் பேசுவாள்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் பேச்செல்லாம் பீரோதான். மதினிக்கு மகள் கல்யாணம் தையில் வைத்திருந்தது. கட்டிலும் பீரோவும் வந்தாக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆனைக்குட்டத்துப் பொண்ணு சீர் எதுவும் இல்லாமல் வந்தவள். மாமியார் அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. பீரோவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் மாமியார் முன்னால் இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன் என்று அவள் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். என் வீட்டில் துணியெல்லாம் கொடியில்தான் கிடந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழை எலி கடித்துவிட்டிருந்தது. எனக்கும் ஆசைதான்.

இதற்கு முன்னால் எங்களுக்குப் பரிசு என்று எதுவும் இருந்ததில்லை. போனசும் சேலையும் ஸ்வீட்டும் வரும். அது வேலை பார்த்த எல்லோருக்கும் வருவது. பத்திரமாக இருந்ததற்கென்று யாரும் எதுவும் தந்ததில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. ஆனாலும் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மருந்தில் ஒரு பொறி கண்ணில் பட்டாலும், தட்டில் லேசாகப் புகைந்தாலும், முதலில் பார்த்தவள் தொண்டை கிழியக் கத்திவிட்டு ஓடுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து ரூம், அதற்குப் பக்கத்து ரூம் என்று எல்லோரும் போட்டது போட்டபடி வெளியே ஓடி வந்துவிடுவார்கள். பாதி நேரம் ஒன்றுமே இருக்காது. எல்லோரும் மூச்சு வாங்கக் கருவேல மரங்களுக்கு நடுவே நின்று சிரிப்போம். கத்தினவளை யாரும் ஏசியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தட்டு ஒரு தரம் குப்பென்று பிடித்தபோது, மதினி கத்திய கத்தலில் எனக்கு இரண்டு நாள் காது இரைந்தது. என் முடியைப் பிடித்து வெளியே இழுத்தவளும் அவள்தான். அன்று யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. போர்மேன் அண்ணாச்சி மிச்ச மருந்தைத் தண்ணீரில் கொட்டிவிட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பரிசு சொன்ன புதிதில் நல்லதுதான் நடந்தது. அதை மறைக்க முடியாது. மணல் வாளிகள் எந்நேரமும் நிறைந்திருந்தன. சிந்திய மருந்தை ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். வளையலைக் கழற்ற மறந்து வந்தவளை வாசலிலேயே மற்றவர்கள் நிறுத்தினார்கள். மதினி ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவில் அடி அளந்து வைப்பாள். போர்டில் பச்சைப் பொட்டுகள் வரிசையாக ஏறின. மேனேஜர் ரூம் ரூமாக வந்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். சம்பள நாளில் போர்டு முன்னால் நின்று எங்கள் பொட்டைப் பார்ப்பது எங்களுக்கே ஒரு பெருமையாக இருந்தது.

பிறகு தரைச்சக்கரம் செய்யும் ரூமில் அது நடந்தது. ஒரு பெண் தட்டில் பொறி பறந்ததைப் பார்த்துப் பழைய பழக்கத்தில் கத்திவிட்டாள். எல்லோரும் ஓடினோம். மணலைப் போட்டதும் அணைந்துவிட்டது. ஒருத்தர் மேலும் ஒரு நூல்கூடக் கருகவில்லை. ஆனால் விதி விதிதானே. அந்த வாரம் அவர்கள் ரூமுக்கு நேரே சிவப்பு விழுந்தது. அந்த ரூமில் இருந்த மற்ற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வேறு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். வேனில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஒரு கை மணலை அள்ளிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும், இவள் ஊரைக் கூட்டிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் கம்பெனியில் யாரும் கத்தவில்லை. நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சத்தமே போடாதீர்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. தானாகத்தான் நின்றது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. எங்கள் பக்கத்தில் வானம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும், அந்த வருஷம் என்னவோ ஆவணியிலேயே பிடித்துக்கொண்டது. ஆர்டர் நெருக்கியதால் மருந்து நன்றாகக் காயும்முன்னே ரூம்களுக்கு வரத் தொடங்கியது. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும். அது எங்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான்.

ஒருநாள் காலை வானம் மூடிக்கிடந்தது. தட்டை இழுத்து வைத்த ஆனைக்குட்டத்துப் பொண்ணு கையை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, மருந்து கதகதன்னு இருக்கு" என்றாள்.

நானும் தொட்டேன். இருந்தது. முன்பென்றால் அந்தத் தட்டை வெளியே வைத்துவிட்டுப் போர்மேனைக் கூப்பிட்டிருப்போம். நான் மதினியைப் பார்த்தேன். மதினி வாசலைப் பார்த்தாள். மருந்து சூடாக இருப்பதைச் சொன்னால் அது விபத்துக் கணக்கில் சேருமா சேராதா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மேனேஜர் அதைச் சொல்லவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் எங்கள் ரூமில் ஏதோ நடந்தது என்று ஆகிவிடும்.

"வெயில்ல வச்சு எடுத்தாந்துருப்பாக. கொஞ்சங் கொஞ்சமா அள்ளு" என்றாள் மதினி. வெளியே வெயில் இல்லை.

முதல் தட்டு பிழைத்தது. இரண்டாவது தட்டின் அடியில் இருந்ததை நான் இடது கையால் ஒதுக்கி அள்ளும்போது வெள்ளையாக ஒரு வெளிச்சம். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நான் கையை உதறினேன், உதறியும் உள்ளங்கையில் அது எரிந்துகொண்டிருந்தது. என் வாய் கத்துவதற்காகத் திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதினியின் கை அதற்குள் என் வாய்மேல் வந்துவிட்டது. இன்னொரு கையால் அவள் மணல் வாளியைத் தட்டின்மேல் கவிழ்த்தாள். ஆனைக்குட்டத்துப் பொண்ணு என் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைக்குள் முக்கினாள். மற்ற தட்டுகளுக்குத் தீ தாவவில்லை. தாவியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

கொஞ்ச நேரத்தில் போர்மேன் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். என்ன புகை என்று கேட்டார். மதினி, ஒன்றுமில்லை அண்ணாச்சி, பெருக்கின தூசி என்றாள். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். கண்ணில் இருந்து தண்ணீர் மடியில் சொட்டியது. அவர் தரையில் கிடந்த மணலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். இருபது வருஷம் மருந்து வாசனையில் நின்றவருக்கு எரிந்த வாசனை தெரியாமல் இருக்குமா. பார்த்து வேலை செய்யுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முக்கால்வாசி ரூம் பச்சையாக இருந்தால் போர்மேனுக்கும் தனியாக ஒரு பரிசு உண்டு என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் என் கையைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். நான் போகவில்லை. பட்டாசுக் காயம் என்றால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கம்பெனிக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிடுவார்கள். அடுப்பில் இருந்து கஞ்சி கொட்டிவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னோம். மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு மறுநாள் வேனில் ஏறினேன். சட்டைக் கையை இழுத்து விரல்வரை மூடிக்கொண்டால் கேட்டில் சோதிப்பவளுக்குத் தெரியாது. ரூமில் என் பங்கையும் அவர்கள் இருவரும் சேர்த்துச் செய்தார்கள். நான் வலது கையால் மண் அடைத்தேன்.

துணி மாற்றிவிடுவது ஆனைக்குட்டத்துப் பொண்ணுதான். சதை துணியோடு சேர்ந்து வரும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். அவளுடைய பேச்செல்லாம் அந்த நாட்களில் நின்றுபோயிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கம் வளையத் தொடங்கிய ஒருநாள் அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கு எதுவும் வேணாம்க்கா. நான் போயி மேனேஜர்ட்ட சொல்லிர்றேன்."

மதினி கையில் இருந்த கூம்பை அடுக்கிவிட்டு, நிதானமாகத்தான் சொன்னாள்.

"ஒனக்கு வேணாம்னா நீ வாங்காத தாயி. எம் மகளுக்கு வேணும். இவளுக்குக் காயம் பட்டது பட்டுப்போச்சு. நீ சொன்னா அது ஆறிருமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளை உட்காரச் சொன்னேன். பீரோ ஆசை மட்டும் இல்லை அது. என் கை ஒன்றால் மூன்று வீட்டுக்கு வருவது போய்விட்டது என்று ஆகிவிடக்கூடாது. தரைச்சக்கரம் ரூம் பெண்ணைப்போல வேனில் என் பக்கத்து சீட் காலியாக வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கை என்னுடையதுதான். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிற உரிமை என்னிடம் மட்டும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. யார் அப்படி ஆக்கினார்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

ஆனைக்குட்டத்துப் பொண்ணு உட்கார்ந்து துணியைச் சுற்றினாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தீபாவளி நெருங்கியபோது ஆள் குறைந்த ரூம்களுக்கு அங்கே இங்கே ஆட்களை மாற்றிவிட்டார்கள். கலவை ரூமுக்கு அடுத்திருந்த ரூமில் ஒருத்தி காய்ச்சல் என்று வராமல் போக, லோடு முடியும்வரை அந்த இடத்துக்கு ஆனைக்குட்டத்துப் பொண்ணை அனுப்பினார்கள். சாயங்காலம் வேனில் அவள் எங்கள் நடுவில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். அந்த ரூமில் இருந்த அக்காவுக்கும் முழங்கைவரை வெந்திருக்கிறது. வராமல் போனவளுக்குக் காய்ச்சல் இல்லை, காலில் காயம். அங்கேயும் தட்டு சூடாகத்தான் வருகிறது.

"அங்கனயும் இப்படித்தானா" என்று கேட்டுவிட்டு மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்கள் மூன்று பேரும் அதுவரை எங்கள் ரூமுக்கு மட்டும்தான் அப்படி நடந்தது என்று நினைத்திருந்தோம். மற்ற ரூம்களும் அவரவர் ரூமுக்கு மட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே வேனில் போய் ஒரே மரத்தடியில் சாப்பிடுகிறவர்கள்.

அந்த வாரம்தான் மற்ற கம்பெனிகளில் இருந்து ஆட்கள் வந்து போர்டைப் பார்த்தார்கள். ஒன்றிரண்டைத் தவிர அத்தனையும் பச்சை. மேனேஜர் எல்லோரையும் கூட்டி லட்டு கொடுத்தார். மழையிலும் ஒரு தீக்காயம்கூட இல்லாத சீசன், இது உங்களால்தான் என்று சொல்லிக் கும்பிட்டார். என் லட்டை நான் வலது கையால் வாங்கிக்கொண்டேன்.

கடைசி லோடுக்கு முந்தைய நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. முதலில் தரை அதிர்ந்தது, பிறகுதான் சத்தம். வெளியே ஓடி வந்தபோது கலவை ரூமுக்கு அடுத்திருந்த ரூமின் கூரை இல்லை. வெள்ளைப் புகையும் அதற்குள் சாம்பல் நிறத்தில் இன்னொரு புகையும் ஏறிக்கொண்டிருந்தன. யாரும் கத்தி எச்சரித்த சத்தம் கேட்கவில்லை என்று அதற்குப் பக்கத்து ரூம் பெண்கள் பின்னால் சொன்னார்கள். கத்தியிருந்தால் அவர்களாவது முன்கூட்டி ஓடியிருப்பார்கள். அவர்களிலும் ஒருத்திக்கு முதுகில் பட்டது.

அந்த ரூமில் இருந்த அக்கா அங்கேயே போய்விட்டாள். ஆனைக்குட்டத்துப் பொண்ணு தானாக நடந்து வெளியே வந்தாள். நடந்து வந்தாளே என்று எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. ஆம்புலன்சில் அவளோடு நான் ஏறினேன். போர்த்தியிருந்த துணிக்கு மேல் கையை வைக்கவும் பயமாக இருந்தது. அவளுக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் சூடாத்தாங்க்கா இருந்துச்சு. சொல்லலாம்னு எந்திரிச்சேன். அந்த அக்கா வேணாம்னாக."

மதுரைக்கு அனுப்பினார்கள். தீபாவளி அன்று அவள் உயிரோடு இருந்தாள். அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை இல்லை. மாமியார்தான் எல்லோரைக் காட்டிலும் அதிகமாக அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது எங்களை வேப்பமரத்தடியில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டார்கள். இதற்கு முன் தீப்பிடித்ததா? மருந்து சூடாக வந்ததா? முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பரிசு இல்லை, லைசென்சையே நிறுத்திவிட்டார்கள், இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. நான்தான் சட்டைக் கையை மேலே ஏற்றினேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். இன்னொருத்தி தலைத்துண்டை அவிழ்த்தாள், காதுக்குப் பின்னால் முடி இல்லை. வரிசையில் ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போனார்கள். மேனேஜர் கொஞ்சம் தள்ளிப் போலீஸ்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். பார்த்துக்கொண்டே வந்தவர், பாதி வரிசையில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஜாமீனில் வெளியே வந்த பிறகு ஒருநாள் பகல் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனைக்குட்டத்துப் பொண்ணு வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகவும், அங்கே உள்ளே விடவில்லை என்றும் சொன்னார். வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. என் கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டு விரலும் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. சிவகாசியில் பார்த்த டாக்டர், உடனே வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, இனி ஆப்பரேஷன் செய்தாலும் முழுசாக நிமிராது என்று சொல்லியிருந்தார். அதையும் அவரிடம் சொன்னேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மருந்து எல்லாத்தையும் அன்னைக்கே அழிச்சிருப்பேனே" என்றார்.

"நீங்க பீரோ தாரேன்னு சொல்லாம இருந்துருந்தா சொல்லிருப்போம் சார்."

அவரைக் குத்துவதற்காக நான் அதைச் சொல்லவில்லை. உள்ளதே அதுதான்.  நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார் அவர். தெரியும் சார் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பட்டாசுப் பக்கமே வரவில்லை என்று கேள்வி.

கம்பெனி சில மாதம் கழித்துத் திறந்தது. எனக்கு மருந்து வேலை முடியாது என்று பெட்டி ஒட்டும் இடத்தில் போட்டார்கள். ஒரு கையால் பிடித்து ஒரு கையால் ஒட்டும் வேலை. பிடிக்கிற கைக்கு மூன்று விரல் போதும். புதிதாக வந்த மேனேஜர் போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டார். இனிமேல் எது நடந்தாலும் தைரியமாகச் சொல்லுங்கள், யாருக்கும் எதுவும் குறையாது என்று சொன்னார். பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. முன்பு இருந்ததுபோல ஆகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் முன்புபோல இல்லை. பெட்டி ஒட்டும் கொட்டகையில் இருந்து ரூம்களைப் பார்க்கலாம். போன வருஷம் ஒரு ரூமில் தட்டு புகைந்தது. வாசல் திறந்திருந்தது, எனக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒருத்தி கத்தினாள். எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. முன்பு அந்தப் பார்வை கிடையாது. கண் பார்த்ததும் வாய் கத்திவிடும், நடுவில் ஒன்றும் இருக்காது. பரிசு போய்விட்டது, அந்தப் பார்வை போகவில்லை. அது எவ்வளவு நேரம் என்று கேட்டால், இமை மூடித் திறக்கும் நேரம். மருந்துக்கு அது போதும்.

மதினி திரும்ப வேலைக்கு வரவில்லை. மகள் கல்யாணத்தைத் தையில் எப்படியோ முடித்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. விருதுநகரில் மிளகாய் வத்தல் சேமிக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலைக்குப் போவதாக வீட்டுக்காரர்தான் விசாரித்துச் சொன்னார். அவளைத் தேடிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

இந்த வருஷம் கைக்கு ஊனச் சான்றிதழ் வாங்க விருதுநகர் போனபோது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான் பார்க்கும் முன்பே அவள் என்னைப் பார்த்துவிட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் ஒதுங்கிப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். ஆள் இளைத்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. வத்தல் நெடி, எந்நேரமும் இப்படித்தான் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிள்ளைகளைக் கேட்டாள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். ஆனைக்குட்டத்துப் பொண்ணைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் புருஷனுக்கு மறு கல்யாணம் ஆகிவிட்டதைச் சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

சிமெண்டு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து மதினி என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வளைந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். எனக்கு வலித்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒன் கைய நான் கண்டுக்கிடலன்னு நெனைக்காத. தெனமும் பாத்தேன். வளையுறதத் தெனமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள்.

 தெரியும் என்றேன். ஒரே ரூமில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தவர்கள், தெரியாமல் எப்படி இருக்கும். அவள் அழுதாளா, வத்தல் நெடியில் கண் கலங்கியதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சிவகாசி பஸ் வந்ததும் நான் எழுந்தேன். அவள் பஸ் வாசல்வரை வந்து, நான் ஏறும்போது முழங்கையைத் தாங்கிவிட்டாள்.

பஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. அவள் விரல்களில் இருந்த வத்தல் காரம் என் கையில் ஒட்டியிருக்கிறது. வெந்து ஆறிய தோல் மெல்லிசாக இருப்பதால் எது பட்டாலும் உள்ளே இறங்கிவிடும். பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினேன், சேலையில் துடைத்தேன், போகவில்லை. ஊர் வந்து இறங்கும்வரை எரிந்துகொண்டே இருந்தது.